ஒரே லயத்தில் இரண்டு வேதாகமம்

(இரத்தினபுரியில் தோட்டப்புறக் கிறிஸ்தவர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கமிருந்தும் இறக்குவானை, பலாங்கொடைப் பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். கத்தோலிக்கர் இருக்கிறீர்கள், அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையார் இருக்கிறீர்கள், பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆளுக்கொரு வேதாகமம் கையில் இருக்கிறது. கத்தோலிக்கர் கையில் இருப்பதில் 73 நூல்கள். மற்றவர்கள் கையில் இருப்பதில் 66. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதல் நூல், இரண்டாம் நூல் ஆகிய ஏழும்தான் அந்த வித்தியாசம். இவற்றோடு எஸ்தர் நூலிலும் தானியேல் நூலிலும் சில பகுதிகள் கூடுதலாக உண்டு. கத்தோலிக்கரின் தானியேல் 14 அதிகாரத்தில் முடியும். மற்றவர்களின் தானியேல் 12-இல் நின்றுவிடும். கத்தோலிக்கர் இவற்றை இணைத் திருமுறை நூல்கள் என்கிறார்கள். மற்றவர்கள் தள்ளுபடி ஆகமங்கள் என்கிறார்கள்.

நான் கத்தோலிக்கன். இந்த நூல்கள் இறைவாக்கு என்று நம்புகிறேன். அதை மறைத்துக்கொண்டு நடுநிலையாளன் போலப் பேச வரவில்லை. ஆனால் நம் தோட்டங்களில் இந்த வழக்கு நடக்கும் விதம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஒரு தரப்பு, “உங்கள் வேதத்தில் ரோமாபுரி தன் இஷ்டத்துக்குச் சேர்த்த புத்தகங்கள் இருக்கின்றன” என்கிறது. மறு தரப்பு, “லூத்தர் கிழித்தெறிந்த பிறகு மிஞ்சியதுதான் உங்கள் வேதம்” என்கிறது. இரண்டு வசனத்தையும் லயத்துப் பிள்ளைகள் வரைக்கும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இரண்டுமே வரலாற்றுக்குப் பொருந்தாதவை. அதைக் காட்ட ரோமாபுரிக்கோ ஜெர்மனிக்கோ போக வேண்டியதில்லை. தமிழில் வேதாகமம் அச்சேறிய கதையே போதும்.

தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய லூத்தரன் போதகர் சீகன்பால்கு, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1715-இல் அது அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்து வரைக்கும் செய்துவிட்டு 1719-இல் இறந்துபோனார். மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்சே. அவர் எஸ்தரோடும் மல்கியாவோடும் நிறுத்திக்கொள்ளவில்லை. இன்று நாம் சண்டை போடும் அதே நூல்களையும் தமிழாக்கினார். 1728-இல் தரங்கம்பாடி அச்சுக்கூடத்திலேயே அவை அச்சேறின. தமிழில் இந்த நூல்களை முதன்முதலில் அச்சுக்குக் கொடுத்தவர்கள் லூத்தரின் வழிவந்த புரொட்டஸ்தாந்துகள். இதே காலத்தில்தான் கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவருக்கும் தரங்கம்பாடியாருக்கும் கண்டன நூல்களால் கடுமையான போர் நடந்தது. முனிவர் ‘வேத விளக்கம்’ எழுதி அவர்களைச் சாடினார். அந்தப் போருக்கு நடுவிலும் லூத்தரன் அச்சுக்கூடம் தோபித்தையும் மக்கபேயரையும் தமிழில் அச்சடித்துக்கொண்டிருந்தது. லூத்தர் கிழித்தெறிந்தார் என்று சொல்லும் என் கத்தோலிக்கச் சகோதரர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

லூத்தர் செய்தது என்ன என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். 1534-இல் அவர் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமத்தில் இந்த நூல்கள் இருந்தன. இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்தார். வேதத்துக்குச் சமமானவை அல்ல, ஆனால் வாசிக்கப் பயனுள்ளவை, நல்லவை என்று தலைப்பில் எழுதினார். இந்தக் கருத்தும் அவர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே புனித எரோணிமுஸ் எபிரேய வேதாகமத்தில் உள்ள நூல்களையே திருமுறை என்று கொள்ள வேண்டும், மற்றவற்றைத் திருச்சபை நன்னெறிக்காக வாசிக்கலாம், கோட்பாட்டை நிறுவ அவற்றைக் கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அவர் கத்தோலிக்கத் திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர்களில் ஒருவர். அவர் காலத்திலேயே புனித அகுஸ்தீன் அதற்கு எதிர்நிலை எடுத்தார். திருச்சபைகள் ஏற்று வாசித்து வரும் நூல்களே திருமுறை என்பது அவர் கட்சி. 393-இல் ஹிப்போவிலும் 397-இல் கார்த்தேஜிலும் கூடிய வட ஆபிரிக்கச் சங்கங்கள் அகுஸ்தீன் பக்கம் நின்று, இந்த நூல்களையும் சேர்த்துப் பட்டியல் தந்தன. ஆகவே 1546-இல் திரெந்துச் சங்கம் புதிதாக எதையும் கொண்டுவந்து சொருகவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டு பழைய பட்டியலையே தீர்ப்பாக்கியது. அத்தனை காலமும் இரண்டு கருத்தும் ஒரே திருச்சபைக்குள் அருகருகே வாழ்ந்தன என்பதுதான் உண்மை.

அப்படியானால் பகை எப்போது வந்தது? 1519-இல், லைப்சிக் நகரத்தில். லூத்தரோடு வாதிட்ட யோவான் எக் என்ற கத்தோலிக்க அறிஞர், உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு வேத ஆதாரமாக இரண்டாம் மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். அந்த நூல் திருமுறையில் சேராது, ஆகவே அதைக் கொண்டு கோட்பாடு கட்ட முடியாது என்று லூத்தர் மறுத்தார். புத்தகப் பட்டியலைப் பற்றிய வழக்கு, செத்தவர்களுக்காக நாம் ஜெபிக்கலாமா என்ற வழக்குக்குள் பிறந்தது. நம் தோட்டத்தில் இது எப்போதும் சாவு வீட்டில்தானே வெடிக்கிறது? அது தற்செயல் அல்ல. ஐந்நூறு வருஷமாக இந்த வழக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் போகும் முன் இந்த நூல்கள் யாருடையவை என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் சப்ரகமுவ மக்களுக்கு மிக நெருக்கமான ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

சீராக் என்பவர் எருசலேமில் எபிரேய மொழியில் எழுதினார். அவருடைய பேரன் எகிப்துக்குப் போனார். அங்கே குடியேறிய யூதர்களுக்குத் தாய்மொழி கையை விட்டுப் போயிருந்தது. பிள்ளைகள் கிரேக்கம் பேசினார்கள். பாட்டனார் எழுதியதைப் பேரன் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். கி.மு. 132-ஐ ஒட்டிய காலம் அது. நூலின் முன்னுரையில் அவரே இதைச் சொல்கிறார். மொழிபெயர்ப்பில் மூலத்தின் வலிமை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். அலெக்சாந்திரியாவில் உருவான கிரேக்க வேதாகமம் இப்படிப் பிழைக்கப் போன மக்களின் வேதாகமம். சொந்த மண்ணை விட்டு வந்தவர்கள், ஊர்ப்பக்கம் திரும்ப முடியாதவர்கள், பாட்டன் மொழி பேரனுக்குப் புரியாமல் போனவர்கள் அதை வாசித்தார்கள். தொடக்க காலக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்ததும் அந்தக் கிரேக்க வேதாகமம்தான்.

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் இருக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? நுவரெலியாப் பக்கம் போல் நாம் நெருக்கமாக வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே ரப்பர்த் தோட்டங்களில் சிதறிக் கிடக்கிறோம். தமிழ்ப் பாடசாலை தூரமாக இருப்பதால் சிங்களப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர். பாட்டி தமிழில் செபமாலை சொல்ல, பேத்தி சிங்களத்தில் பதில் சொல்லும் வீடுகள் நம்மிடையே உண்டு. சீராக்கின் பேரன் பட்ட பாட்டை நாம் பட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த நூல்களுக்கு எபிரேய மூலமே கிடையாது, கிரேக்கர் எழுதிய கதைகள் என்று சொல்லி வந்தார்கள். 1896-இல் அக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்த பழஞ்சுவடிகளில் ஓர் ஏட்டை சாலமோன் ஷெக்டர் பார்த்தார். அது சீராக்கின் எபிரேய மூலம். 1964-இல் மசாடாக் கோட்டை இடிபாடுகளில் அதே நூலின் இன்னும் பழைய எபிரேயச் சுருள் கிடைத்தது. சாக்கடல் ஓரக் குகைகளில் தோபித்து நூலின் துண்டுகள் அரமேயத்திலும் எபிரேயத்திலும் கிடைத்தன. இதனாலேயே அவை திருமுறை என்று ஆகிவிடாது. ஆனால் இயேசு வாழ்ந்த மண்ணில் யூதர்கள் இவற்றை எழுதி வைத்து வாசித்தார்கள் என்பது ஐயமில்லாத செய்தி.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் முழுமையாக வைக்கிறேன். யூதர்களின் இன்றைய திருமுறையில் இவை இல்லை. ஆண்டவர் இயேசு இவற்றில் எதையும் ‘எழுதியிருக்கிறதே’ என்று சொல்லி மேற்கோள் காட்டவில்லை. யூதித்து நூல், பாபிலோனிய அரசன் நெபுகத்னேசரை நினிவேயில் ஆண்ட அசீரிய அரசன் என்று சொல்கிறது. வரலாறாக அதை ஏற்க முடியாது. இரண்டாம் மக்கபேயரை எழுதியவர், தன்னால் முடிந்த அளவே எழுதினேன் என்று முடிவில் சொல்கிறார். இறைவாக்கினர் இப்படியா பேசுவார் என்று கேட்கிறார்கள். சீராக் பெண்களைப் பற்றி எழுதிய சில வரிகள் எனக்கே கசக்கின்றன. இவை கனமான கேள்விகள். அற்பமாகத் தள்ளிவிட வேண்டாம். மறுபக்கம், யோவான் நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஆலய அர்ப்பணிப்புத் திருநாளில் எருசலேமில் உலவுகிறார். அந்தத் திருநாள் எப்படி வந்தது என்பதை மக்கபேயர் நூல் இல்லாமல் வேதாகமத்துக்குள் தெரிந்துகொள்ள வழியில்லை. எபிரேயர் 11-இல் உயிர்த்தெழுதலை நம்பி வதைபட்டவர்கள் என்று வருவது, ஏழு பிள்ளைகளையும் பறிகொடுத்த மக்கபேயர் காலத்துத் தாயின் கதையை நினைவூட்டுகிறது என்று இரு தரப்பு அறிஞரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

சரி, தரங்கம்பாடியில் 1728-இல் அச்சான நூல்கள் நம் தோட்டங்களுக்கு வந்த புரொட்டஸ்தாந்து வேதாகமத்தில் ஏன் இல்லை?

இலங்கையை எடுத்துக்கொண்டால் ஒல்லாந்தர் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். அவர்களின் சீர்திருத்தச் சபை இந்த நூல்களை வாசிக்கலாம், கோட்பாட்டுக்கு ஆதாரமாக்கக் கூடாது என்ற நிலையில் இருந்தது. 1637-இல் வெளிவந்த ஒல்லாந்த வேதாகமத்தில் புதிய ஏற்பாட்டுக்கும் பின்னால், எச்சரிக்கை முன்னுரையோடு இவற்றை அச்சிட்டிருந்தார்கள். இந்நாட்டில் பிறந்த பிலிப்பு டி மெல்லோ போதகர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759-இல் கொழும்பில் அச்சானது. அதே நூற்றாண்டில் ஒல்லாந்தர் தடைசெய்து வைத்திருந்த கத்தோலிக்கரிடையே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிக் கொடுத்தார். அப்போது கத்தோலிக்க மக்களிடம் முழு வேதாகமம் இல்லை. செப நூலும் பாடலும் பாஸ்குவுமே அவர்களுக்கு வேதம். இந்த நூல்கள் எங்களிடம் காலங்காலமாக இருந்தன என்று கத்தோலிக்கர் சொல்லும்போது இதையும் நினைக்க வேண்டும். திருச்சபையிடம் இருந்தன, நம் பாட்டன் பாட்டி கையில் இருக்கவில்லை.

திருப்பம் 1826-இல் வந்தது. வந்த இடம் இலண்டன். 1804-இல் தொடங்கிய பிரித்தானிய வெளிநாட்டு வேதாகமச் சங்கம் உலகமெங்கும் மலிவு விலையில் வேதாகமம் அச்சிட்டுக் கொடுத்தது. ஐரோப்பாவில் லூத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் இந்த நூல்கள் இல்லாத வேதாகமத்தை வாங்க மாட்டோம் என்றார்கள். சங்கமும் அவற்றைச் சேர்த்து அச்சிட உதவியது. இது ஸ்கொத்லாந்துக்காரரான ரொபர்ட் ஹால்டேனுக்குத் தெரியவந்தது. நன்கொடையாளர் பணத்தில் மனிதர் எழுதிய நூலை இறைவாக்கோடு சேர்த்துக் கட்டுவதா என்று அவரும் அவர் நண்பர்களும் கொதித்தார்கள். 1821-இல் தொடங்கிய சச்சரவு ஐந்து வருஷம் நீடித்தது. கடைசியில், 1826-இல், இந்த நூல்களைக் கொண்ட வேதாகமத்துக்கு இனி ஒரு காசும் கொடுக்க மாட்டோம் என்று சங்கம் முடிவெடுத்தது. அதன் பிறகும் ஸ்கொத்லாந்துச் சங்கங்கள் சமாதானமாகாமல் பிரிந்தே போயின.

தமிழ் வேதாகமத்துக்குக் காகிதமும் அச்சுக்கூலியும் பெரும்பாலும் அந்தச் சங்கத்தின் பணம். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்து 1850-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பும், பவர் தலைமையில் 1871-இல் வந்து இன்றுவரை நம் புரொட்டஸ்தாந்து வீடுகளில் ஆட்சி செய்யும் மொழிபெயர்ப்பும் 66 நூல்களோடு நின்றன. எந்தத் தமிழ்ச் சபையும் கூடி, சீராக்கையும் தோபித்தையும் ஆராய்ந்து, வேண்டாம் என்று தீர்மானித்து இது நடக்கவில்லை. நம் மக்களைக் கேட்காமல் இலண்டனில் எடுத்த முடிவு அது. முடிவெடுத்தவர்களின் மனச்சாட்சியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நம் தோட்டத்துப் போதகர்கள், ஆதியிலிருந்தே தமிழ் வேதாகமம் 66-தான் என்று சொல்லும்போது அது உண்மையல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1854-இல் கோப்பித் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. சர்ச் மிஷனரி சங்கத்தின் கீழ் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாக நடந்து, பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் பிரசங்கித்தார்கள். அவர்கள் தோள்பையில் இருந்தது அந்த 66. கேகாலையும் இரத்தினபுரியும் 1893-இல் உருவான காலி மறைமாவட்டத்தோடு சேர்ந்தபோது பெல்ஜியத்து இயேசு சபைக் குருக்கள் இந்த மலைகளுக்கு வந்தார்கள். அவர்கள் இலத்தீனில் பூசை வைத்தார்கள். அந்தப் பூசையில் மக்கபேயரும் ஞான நூலும் ஒலித்தன, யாருக்கும் விளங்காமல்! 1920-களில் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பெந்தெகொஸ்தே சபையும் பிறகு வந்த சபைகளும் 66-ஐயே கொண்டுவந்தன. ஒரே லயத்தில் இரண்டு வேதாகமம் வந்து சேர்ந்த வழி இதுதான்.

இடையில் அங்கிலிக்கன் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் 39 விதிகளில் ஆறாவது விதி, எரோணிமுஸின் பெயரைச் சொல்லியே, இந்த நூல்களை நல்வாழ்வுக்கு எடுத்துக்காட்டாகச் சபை வாசிக்கிறது, கோட்பாட்டை நிலைநாட்ட அல்ல என்கிறது. உங்கள் பழைய ஜெபப் புத்தகத்தின் காலை ஆராதனையில் படைப்புகள் எல்லாம் ஆண்டவரைப் போற்றும் பாடல் ஒன்று இருக்கிறது. எரியும் சூளைக்குள் மூன்று இளைஞர் பாடியது அது. உங்கள் தானியேல் நூலில் அது கிடையாது. கத்தோலிக்கர் தானியேலில் இருக்கிறது. காணிக்கை எடுக்கும்போது வாசிக்கும் வசனங்களிலும் தோபித்து வருகிறார். நடைமுறையில் நீங்கள் இந்த நூல்களை விட்டதே இல்லை.

இனி சாவு வீட்டுக்கு வருவோம்.

இரண்டாம் மக்கபேயர் 12-இல் நடப்பது இது. போர் முடிந்து, விழுந்தவர்களை அடக்கம் செய்ய யூதப் படைத்தலைவர் யூதா மக்கபேயும் வீரர்களும் போகிறார்கள். இறந்தவர்களின் உள்ளாடைக்குள் வேற்றுத் தெய்வங்களின் தாயத்துகள் இருக்கின்றன. யூதச் சட்டப்படி அது பெரிய குற்றம். யூதா அவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. ஆளாளிடம் பணம் திரட்டி, ஏறக்குறைய இரண்டாயிரம் திராக்மா வெள்ளியைப் பாவப்பரிகாரப் பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறார். இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று அவர் நம்பியிராவிட்டால் இது வீண் வேலை என்று நூலாசிரியர் தன் விளக்கத்தையும் சேர்க்கிறார்.

இந்தப் பகுதி கத்தோலிக்கருக்கே முழுச் சாதகமல்ல என்று புரொட்டஸ்தாந்து அறிஞர் சொல்வதை நான் ஏற்கிறேன். விக்கிரகத் தாயத்தோடு செத்தவர்கள் சாவான பாவத்தில் செத்தவர்கள். கத்தோலிக்கப் போதனைப்படியே அவர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் கிடையாதே என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. கடைசி மூச்சில் மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை யூதாவும் அறியார், நாமும் அறியோம் என்பதுதான் என் பதில். ஆனால் இந்தப் பகுதியை நம் தோட்டத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது வேறொன்று தெரிகிறது. ஞானஸ்நானம் வாங்கியும் மாரியம்மன் கோயில் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டே வாழ்ந்து செத்தவர்கள் நம் குடும்பங்களில் இல்லையா? அவர்களை நம்மவர் அல்ல என்று தள்ளிவிடுவதா, அவர்களுக்காகக் கையேந்துவதா என்று நாமும் தடுமாறியிருக்கிறோம். யூதா கையேந்தினார்.

நம் சாவுகளின் வரலாறு வேறு விதமானது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்தபோது வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்தோம். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் தாய் தந்தையரின் கல்லறைகளை இந்த மலைச்சரிவில் விட்டுவிட்டுப் போனார்கள். 1977-இலும் 1981-இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் அடிபட்டு வன்னிப் பக்கம் ஓடியவர்களும் அப்படியே போனார்கள். அந்தக் கல்லறைகளில் நவம்பர் 2-ஆம் திகதி மெழுகுவர்த்தி ஏற்ற இன்று சொந்தக்காரர் யாரும் இல்லை. அவர்களுக்காக ஒரு வார்த்தை ஜெபிப்பது தவறு என்று என்னிடம் சொல்லாதீர்கள். அதை வேதக் கட்டளையாக உங்கள் மேல் சுமத்தவும் மாட்டேன். இந்த ஓர் இடத்தில் நாம் உண்மையாகவே வேறுபடுகிறோம். அதை மழுப்புவதில் பயனில்லை. ஆனால் வேறுபாட்டைச் சாக்காக வைத்து, கத்தோலிக்கன் பெட்டியைத் தூக்க மாட்டேன் என்பதும், சபைக்காரன் வீட்டுச் சாவுக்குப் போகாதே என்பதும் எந்த வேதாகமத்தில் இருக்கிறது? 73-இலும் இல்லை, 66-இலும் இல்லை.

தோபித்து நூலைத் திறந்து பாருங்கள். நினிவேக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன ஒரு குடும்பம். அரசன் கொன்று வீசிய தன் இனத்தாரின் பிணங்களைத் தோபித்து இரவில் எடுத்துப் புதைக்கிறார். அதற்காக உடைமையெல்லாம் பறிபோகிறது. திருநாள் விருந்துக்கு இலை போட்ட நேரத்தில் சந்தையில் ஒரு பிணம் கிடக்கிறது என்று செய்தி வர, சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து ஓடுகிறார். அண்டை அயலார் ஏளனம் செய்கிறார்கள். பிறகு அவர் பார்வை போகிறது. மனைவி அன்னா கூலிக்கு நெசவு நெய்து வீட்டை நடத்துகிறாள். ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் முழுக் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். குருட்டுக் கணவன், திருடினாயா, கொண்டுபோய்க் கொடு என்று சத்தம் போடுகிறார். உன் தருமம் எல்லாம் எங்கே போயிற்று என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்த பிறகும் சந்தேக வார்த்தை கேட்கும் எத்தனை பெண்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்! இரு கிழவர்கள் பொய்க் குற்றம் சுமத்திய சூசன்னாவின் கதையும் இந்தப் பகுதிகளில்தான் இருக்கிறது. குற்றம் சுமத்திய நீதிபதிகள் இருவரையும் தானியேல் தனித்தனியாக நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று கேட்கிறார். இருவரும் வேறு வேறு மரத்தைச் சொல்லி அகப்பட்டுக்கொள்கிறார்கள். இதை நம் மகளிர் சங்கங்களில் வாசிக்காமல் இருப்பது எனக்குப் பெரிய நட்டமாகத் தெரிகிறது.

கூலியைப் பற்றிச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். 1514-இல் கியூபாவில் பர்த்தோலோமே தெ லாஸ் காசாஸ் என்ற ஸ்பானியக் குரு இருந்தார். பூர்வகுடிகளை அடிமை வேலைக்கு வைத்திருந்த நிலச்சொந்தக்காரரும் அவரே. பெந்தெகொஸ்தே திருநாள் பிரசங்கத்துக்காகச் சீராக்கின் 34-ஆம் அதிகாரத்தை எடுத்தார். ஏழையின் பிழைப்பைப் பறிப்பதைக் கொலைக்கும், கூலியாளின் கூலியைப் பிடித்துக்கொள்வதை இரத்தம் சிந்துவதற்கும் சமமாக வைக்கிற பகுதி அது. வாசித்தவர் நிலைகுலைந்து போனார். தன்னிடம் இருந்தவர்களை விடுவித்தார். மீதி ஆயுளை அந்த மக்களின் உரிமைக்காகவே வழக்காடிக் கழித்தார்.

கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி, போடும் தோட்டங்களில் நாம் வாழ்கிறோம். ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கைக்காக வருஷக்கணக்கில் வீதியில் நின்றோம். 2021-இல்தான் அது சம்பளச் சபை வழியாக வந்தது; வந்ததும் கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. இந்த மக்களின் கோயிலில் சீராக் 34 ஒலிக்க வேண்டாமா? புரொட்டஸ்தாந்துச் சகோதரர் சொல்வார்: கூலியைப் பற்றி உபாகமம் 24 சொல்கிறதே, பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5 சொல்கிறதே, எங்களுக்கு அது போதும் என்பார். மெத்தச் சரி. அப்படியானால் நான் சீராக்கைக் கொண்டு வருகிறேன், நீங்கள் யாக்கோபைக் கொண்டு வாருங்கள். கம்பனியின் முன்னால் இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கும்.

வேதாகமத்தில் இவற்றுக்கு எந்த இடம் என்ற கேள்விக்கு நம் காலத்தில் ஒரு வழி பிறந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1968-இல், கத்தோலிக்கத் திருச்சபையும் வேதாகமச் சங்கங்களும் சேர்ந்து மொழிபெயர்க்க நெறிமுறை வகுத்தன. தமிழ்நாட்டில் இரு தரப்பு அறிஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்து உழைத்தார்கள். அந்தப் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்தது. இரத்தினபுரி தனி மறைமாவட்டமானதும் அதே ஆண்டுதான். அந்தத் திருவிவிலியத்தில் இந்த நூல்களுக்கு இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனிப் பகுதி கொடுத்திருக்கிறார்கள். லூத்தர் 1534-இல் வைத்த அதே இடம்! கத்தோலிக்கர் அதனால் தங்கள் நம்பிக்கையில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. புரொட்டஸ்தாந்துகள் ஏற்றுக்கொள்ளவும் வற்புறுத்தப்படவில்லை. ஆயினும் நம் புரொட்டஸ்தாந்துச் சபைகளில் பெரும்பாலானவை அந்த மொழிபெயர்ப்பைத் தொடவில்லை. பவர் மொழிபெயர்ப்பின் ஓசை அவர்கள் நாவில் ஊறிவிட்டது. அது எனக்கும் பிடித்த ஓசைதான்.

என்னிடம் இளைஞர்கள் கேட்கிறார்கள்: இவை வேதம்தானா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று. எனக்கு வேதம். என் அங்கிலிக்கன் நண்பருக்கு வாசிக்கத்தக்க நல்ல நூல். எட்டியாந்தோட்டையிலிருந்து வந்திருக்கும் பாஸ்டருக்கு வேதம் அல்ல. இந்த மூன்று நிலையும் கிறிஸ்தவ வரலாற்றில் மதிப்புக்குரிய பெரியோர் வகித்த நிலைகள். வாசிக்காமலே வெறுப்பதும், வாசிக்காமலே உரிமை கொண்டாடுவதும்தான் புது வழக்கம். தங்கள் வேதாகமத்தில் இருக்கும் அந்த ஏழு நூல்களையும் ஒருமுறையாவது வாசித்த கத்தோலிக்கர் கை உயர்த்துங்கள் என்று கேட்டால் இந்த மண்டபத்தில் எத்தனை கை உயரும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு வந்தேன். கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் திருவிவிலியத்தைப் பக்கத்து லயத்துச் சபைக்காரர் கேட்டால் இரவல் கொடுங்கள். தோபித்திலிருந்து தொடங்குங்கள், 14 அதிகாரம்தான், வேலை விட்டு வந்த ஒரு மாலையில் முடித்துவிடலாம். பிறகு தானியேல் 13. பிறகு சீராக்கில் 34-ஆம் அதிகாரம். இரண்டாம் மக்கபேயர் 12-ஐ மட்டும் தனியாக வாசிக்க வேண்டாம். அதைப் போதகரும் சாமியாரும் ஒரே மேசையில் இருக்கும் நாளில், நீங்களும் கூட உட்கார்ந்து, வாய் திறந்து கேள்வி கேட்டு வாசியுங்கள்.